கோப்பு ஒன்றைக் காணோம், லாரி நிற்கிறது

அரியலூர் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. என்றோ கடல் கிடந்த இடம் அது. 1979-இல் அங்கே அரசு சிமெண்ட் ஆலை வந்தது. பிறகு ரெட்டிபாளையம், தளவாய், ஆலத்தியூர், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகள் வரிசை கட்டின. மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் போனால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், கருங்கல் ஜல்லி. சரக்கு எதுவானாலும் காசாக மாறுவதற்கு முன்னால் ஒரு தடவை எடை மேடை ஏறி இறங்கியாக வேண்டும். பெரிய ஆலைகள் தங்களுக்கென்று சொந்தமாக மேடையும் மென்பொருளும் வைத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குச் சாலையோர மேடைதான். ஒரு இரும்புத் தளம், பக்கத்தில் ஒரு சிறு அறை, அறைக்குள் சிவப்பு எண் ஓடும் இண்டிகேட்டர், ஒரு கணினி, கிறீச்சிட்டுக்கொண்டே சீட்டு அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்.

அந்தக் கணினியில் ஓடும் நிரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சாலை நான்கு வழியானது, சீட்டோடு ஜிஎஸ்டியும் இ-வே பில்லும் சேர்ந்துகொண்டன, கணினிப் பெட்டி பலமுறை மாறியது. எடை போடும் நிரல் மட்டும் பல இடங்களில் இருபது வருடத்துக்கு முந்தையதாகவே இருக்கிறது. அது ஓடும் வரை யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு நாள் திரையில் இப்படி ஒரு செய்தி வரும்: 'ரன்-டைம் எரர் 339. எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் என்ற உறுப்போ அது சார்ந்திருக்கும் வேறொன்றோ சரியாகப் பதிவு செய்யப்படவில்லை. கோப்பு இல்லை, அல்லது செல்லாது.' சரி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் நிரலே மூடிக்கொள்ளும்.

இதே செய்தி 2000-இலும் வந்தது, இப்போதும் வருகிறது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் முழுக்க மாறிவிட்டது. பழைய வைத்தியத்தை அப்படியே இன்றைக்கும் செய்து பார்ப்பவர்கள் தோற்பது அதனால்தான்.

நிரல் பிறந்த கதை

கணினி வருவதற்கு முன்னால் மேடைக்காரர் தண்டில் காயை நகர்த்தி, முள் நடுவில் நிற்பதைப் பார்த்து, கார்பன் தாள் வைத்த புத்தகத்தில் எடையை எழுதினார். லோட் செல்லும் இண்டிகேட்டரும் வந்த பிறகு எடை தானாகவே எண்ணாக வந்தது. அந்த எண்ணைக் கணினிக்குள் கொண்டுவர ஒரு வழி வேண்டியிருந்தது. 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 அந்த வழியை எளிமையாக்கியது. திருச்சியிலோ பெரம்பலூரிலோ கணினி மையம் வைத்திருந்த ஒருவர் ஓரிரு வாரத்தில் எடை நிரல் எழுதித் தர முடிந்தது. திரையில் ஒரு படிவம், வண்டி எண்ணுக்கு ஒரு கட்டம், சரக்குப் பெயருக்கு ஒன்று, முதல் எடை, இரண்டாம் எடை, நிகர எடை. பின்னால் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும் ஒரு ஆக்ஸஸ் தரவுக் கோப்பு.

இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. எல்லாவற்றையும் அவர் தானே எழுதவில்லை. இண்டிகேட்டரிலிருந்து ஒன்பது முள் சீரியல் கம்பி வழியாக வரும் எண்ணைப் படிக்கும் வேலையை மைக்ரோசாஃப்ட் ஏற்கெனவே எழுதி, ஒரு தனிக் கோப்பாக அடைத்து வைத்திருந்தது. அந்தக் கோப்புதான் எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ். அதைப் படிவத்தின் மேல் இழுத்து வைத்து, எந்த போர்ட், என்ன வேகம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்; இண்டிகேட்டர் அனுப்பும் எண் நிரலுக்குள் வந்துவிடும். பட்டியல் கட்டங்களுக்கும் கருவிப் பட்டைக்கும் எம்எஸ்காம்சிடிஎல் என்று இன்னொரு கோப்பு. அச்சிடும் அறிக்கைக்கு வேறொன்று. எழுதியவரின் கையெழுத்து நிரலில் பாதி, கடன் வாங்கிய உறுப்புகள் மீதி.

இங்கேதான் பதிவு என்ற விஷயம் வருகிறது. நிரல் அந்த உறுப்பைக் கோப்புப் பெயரைச் சொல்லித் தேடுவதில்லை. ஒவ்வொரு உறுப்புக்கும் 128 பிட் நீளத்தில் ஒரு அடையாள எண் உண்டு. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்னும் பேரேட்டில், இந்த எண்ணுக்கு உரிய கோப்பு இந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பதிவு இருக்க வேண்டும். நிரல் எண்ணைச் சொல்லும், விண்டோஸ் பேரேட்டைப் புரட்டிக் கோப்பை எடுத்துக் கொடுக்கும். ஆள் வீட்டில்தான் இருக்கிறார், குடும்ப அட்டையில் பெயர் இல்லை என்றால் ரேஷன் கடையில் அரிசி கிடைக்காது அல்லவா, அதே கதைதான். கோப்பு வன்தட்டில் இருப்பது மட்டும் போதாது. பேரேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஏற்றுவதற்கான கட்டளையின் பெயர் ரெக்எஸ்விஆர்32. அதற்கென்று தனி அறிவு எதுவும் கிடையாது. கொடுத்த கோப்பை நினைவகத்தில் ஏற்றும். அந்தக் கோப்புக்குள்ளேயே, தன்னைப் பதிவு செய்துகொள்ளும் ஒரு பகுதி எழுதப்பட்டிருக்கும். அதைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பதிவை எழுதுவது கோப்பேதான்.

அன்று: ஒரே பெயருக்குப் பலர்

விண்டோஸ் 98 காலத்துக் கணினியில் எடை நிரல் மட்டும் இருக்கவில்லை. கணக்குப் பார்க்கும் நிரல் ஒன்று, வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு ஒன்று, ஜாதகம் கணிக்கும் நிரல் ஒன்று என்று எல்லாம் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. ஒவ்வொன்றும் தன் சிடியிலிருந்து தனக்கு வேண்டிய உறுப்புகளைக் கொண்டுவந்து, எல்லோருக்கும் பொதுவான சிஸ்டம் அடைவில் இறக்கிவைத்தது. ஒரே பெயரில் கோப்பு, ஆனால் பதிப்பு வேறு. ஒழுங்காக எழுதப்பட்ட நிறுவி பழையதும் புதியதும் பார்த்துப் புதியதை விட்டுவைக்கும். அரைகுறையாக எழுதப்பட்டது எதையும் பார்க்காமல் தன் பழைய கோப்பை அதன் மேல் போட்டுவிடும். ஜாதக நிரலைப் போட்ட மறுநாள் எடை நிரல் படுத்துக்கொள்ளும். உலகம் முழுக்க நிரலாளர்கள் இதை 'டிஎல்எல் நரகம்' என்று திட்டினார்கள்.

நீக்குவதிலும் ஆபத்து இருந்தது. ஒரு பொதுக் கோப்பை எத்தனை நிரல்கள் பயன்படுத்துகின்றன என்று விண்டோஸ் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தது. ஒன்றை நீக்கும்போது எண்ணிக்கை பூஜ்யம் ஆனால், 'இந்தப் பொதுக் கோப்பை இனி யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, அழித்துவிடலாமா?' என்று கேட்கும். எண்ணிக்கையைச் சரியாக ஏற்றாத நிரல்கள் பல இருந்ததால் அந்தக் கேள்வியை நம்ப முடியாது. ஆனால் திரையில் கேள்வி வந்தால் ஆம் என்று அழுத்துவதுதான் நம் பழக்கம். விளையாட்டை நீக்கியவர் எடை மேடையையும் சேர்த்து நிறுத்திய கதை அப்படித்தான் நடந்தது.

அன்றைய நோய் நெரிசல். ஒரே பெயருக்கு, ஒரே இடத்துக்குப் பலர் அடித்துக்கொண்டார்கள். வைத்தியமும் அதற்கேற்ப எளிமையாக இருந்தது. எம்எஸ்காம் கோப்பு ஏறக்குறைய 100 கிலோபைட், எம்எஸ்காம்சிடிஎல் கிட்டத்தட்ட 1 மெகாபைட். 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் இரண்டும் அடங்கிவிடும். சர்வீஸ்காரர் பஸ் ஏறி வருவார், ஃபிளாப்பியைச் செருகுவார், கோப்பை சிஸ்டம் அடைவில் போடுவார், ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ரன் என்ற கட்டத்தில் ஒரு வரி அடிப்பார். வெற்றி என்று ஒரு சிறு பெட்டி வரும். டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அனுமதி கேட்கும் விண்டோஸ் அன்று கிடையாது. உட்கார்ந்தவரெல்லாம் முதலாளி.

இன்னொன்றும் அன்று இருந்தது: நிரலை எழுதியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். சீட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1-இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31-இல் பெரம்பலூரோடு திரும்ப இணைந்தது. 2007 நவம்பர் 23-இல் மறுபடியும் தனியானது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் அரியலூர்க்காரரின் முகவரியில் மாவட்டப் பெயர் நான்கு முறை மாறியது. முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்ட இடங்களில், அதை மாற்ற எழுதியவரேதான் வர வேண்டும். வந்தார், மாற்றினார், புது சிடி ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார்.

நடுவில் நடந்தது

மைக்ரோசாஃப்ட் 2002-லேயே டாட்நெட் என்று வேறு பாதையில் போய்விட்டது. விஷுவல் பேசிக் 6-க்கான வழக்கமான ஆதரவு 2005 மார்ச்சில் முடிந்தது. நிரலாளர்கள் கையெழுத்து வேட்டை நடத்தி, இதைக் கைவிடாதீர்கள் என்று கேட்டார்கள். பலிக்கவில்லை. 2008 ஏப்ரல் 8-இல் நீட்டித்த ஆதரவும் முடிந்தது.

ஆனால் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த நிரல்களை ஒரே நாளில் நிறுத்த முடியாதல்லவா? அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். அந்த நிரல்களுக்கு அடித்தளமான எம்எஸ்விபிவிஎம்60 என்ற கோப்பை ஒவ்வொரு விண்டோஸிலும் சேர்த்தே அனுப்புவது என்று முடிவானது. விண்டோஸ் 11-இலும் அது இருக்கிறது. எம்எஸ்காம், எம்எஸ்காம்சிடிஎல் முதலிய கூடுதல் உறுப்புகள் மட்டும் விண்டோஸோடு வராது. அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது நிரலை எழுதியவர் பொறுப்பு. 'எக்ஸ்இ கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்து வந்து புதுக் கணினியில் போட்டேன், திறக்கிறது, ஆனால் எடைத் திரை வரவில்லை' என்று புலம்புபவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது. அடித்தளம் இருப்பதால் நிரல் திறக்கும், கடவுச்சொல் கேட்கும், பழைய பட்டியலைக்கூடக் காட்டும். எம்எஸ்காம் உட்கார்ந்திருக்கும் படிவத்தைத் திறக்கும்போதுதான் 339 வரும். அதாவது, லாரி மேடையில் ஏறிய பிறகுதான் தெரியும்.

2012 ஏப்ரலில் வேறொரு வகைக் குழப்பம் வந்தது. எம்எஸ்காம்சிடிஎல் கோப்பில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருப்பதும், மின்னஞ்சலில் வரும் ஆவணத்தைத் திறந்தாலே கணினியைப் பிறர் கைப்பற்ற முடியும் என்பதும் தெரிந்து, மைக்ரோசாஃப்ட் எம்எஸ்12-027 என்ற திருத்தத்தை வெளியிட்டது. திருத்தம் இரவோடிரவாகக் கோப்பை மாற்றியது. காலையில் உலகின் பல மூலைகளில் பழைய நிரல்களும் ஆக்ஸஸ் படிவங்களும் திறக்க மறுத்தன. கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. பேரேட்டுப் பதிவுக்கும் புதுக் கோப்புக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பதிவை ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் பெரும்பாலானவை எழுந்துகொண்டன. திருத்தம் தேவையில்லை என்று அப்டேட்டையே நிறுத்திவைத்தவர்களும் உண்டு. அது கதவைப் பூட்டாமல் தூங்குவதற்குச் சமம். அந்த ஓட்டை வழியாக நடந்த தாக்குதல்கள் பல ஆண்டுகள் ஓயவில்லை.

இன்று: பெயர் சொல்ல ஆளில்லை

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014-இலும் விண்டோஸ் 7-க்கு 2020-இலும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் ஆதரவு முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தலைமுறைக் கணினிகள் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் 339 திரும்ப வருகிறது. இப்போது ஒரு பெட்டிக்குள் பத்து நிரல்கள் அடித்துக்கொள்வதில்லை. உலாவி ஒன்று, வாட்ஸ்அப் ஒன்று, எடை நிரல் ஒன்று. நெரிசல் போய்விட்டது, வந்திருப்பது வெறுமை. புதுக் கணினியில் அந்த உறுப்பை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. நிறுவிய சிடியைக் காணோம். இருந்தாலும் அதைச் செருக டிரைவ் கிடையாது. எழுதியவர் தொழிலை விட்டுவிட்டார், அல்லது ஊரை விட்டுவிட்டார். மூல நிரல் அவருடைய பழைய கணினியோடு போய்விட்டது.

போனில் நடப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்.

"அண்ணே, டாரஸ் மேடை மேல நிக்குது. எடை ஸ்கிரீனைத் தட்டினா என்னமோ மெசேஜ் வருது."

"நம்பர் என்ன போட்டிருக்கு, பாரு தம்பி."

"339."

"ஓகே அழுத்தாத. அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கம்ப்யூட்டர் மாத்தினீங்களா?"

"நேத்துதாண்ணே. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் 11 போட்டாங்க."

"பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கா? அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க."

கடைசி வாக்கியத்தில்தான் இன்றைய வைத்தியம் இருக்கிறது. தேவையான கோப்பு பழைய வன்தட்டில் கிடக்கும். கிடைத்த பிறகு எங்கே வைப்பது என்பதில் அடுத்த சிக்கல். விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது. 64 பிட் விண்டோஸில் இரண்டு அடைவுகள் உண்டு. சிஸ்டம்32 என்று பெயர் வைத்த இடத்தில் 64 பிட் கோப்புகள் இருக்கும். சிஸ்வாவ்64 என்று பெயர் வைத்த இடத்தில் 32 பிட் கோப்புகள் இருக்கும். பெயரைப் பார்த்து எவரும் ஏமாறுவார்கள். பழைய நிரல்கள் சிஸ்டம்32 என்று பெயர் சொல்லிக் கேட்டதால் அந்தப் பெயரை மாற்ற முடியாமல் வந்த கோணல் இது. விஷுவல் பேசிக் 6 நிரல் 32 பிட். அதன் உறுப்பும் 32 பிட். அந்தக் கோப்பை சிஸ்டம்32-இல் போட்டால் நிரலுக்கு அது கண்ணிலேயே படாது, ஏனென்றால் 32 பிட் நிரல் சிஸ்டம்32 என்று கேட்டாலும் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடும். பழைய பழக்கத்தில் கோப்பை வைத்துவிட்டு, 'போட்டாச்சு, இன்னும் இல்லைங்குது' என்று தலையைச் சொறிபவர்கள் விழும் குழி இது.

அடுத்தது அனுமதி. விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து, நிர்வாகி உரிமையில்லாமல் ரெஜிஸ்ட்ரிப் பேரேட்டில் இந்தப் பதிவை எழுத முடியாது. கட்டளைச் சாளரத்தை வலது சொடுக்கில் நிர்வாகியாகத் திறக்காவிட்டால் பதிவு தோற்கும். திரையில் ஒரு நீளமான பதினாறடிமான எண் மட்டும் வரும். இன்னொரு தோல்விச் செய்தியும் உண்டு: 'குறிப்பிட்ட கோப்பைக் காணவில்லை.' கோப்பு கண் முன்னால் இருக்கும்போதே இப்படிச் சொல்லும். காணாமல் போனது அந்தக் கோப்பு அல்ல, அது சார்ந்திருக்கும் இன்னொன்று. 339 செய்தியில் 'அது சார்ந்திருக்கும் வேறொன்றோ' என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

அடுத்த ஆபத்து இணையத்தில் இருக்கிறது. கோப்பின் பெயரைத் தேடினால் இலவசமாகத் தருகிறோம் என்று பல தளங்கள் கூவும். யார் வைத்தது, உள்ளே என்ன சேர்த்தது என்று தெரியாத ஒன்றை நிர்வாகி உரிமையோடு ஓடவிடுவது அது. பதிவு செய்யும்போது கோப்புக்குள் இருக்கும் நிரல்தான் ஓடுகிறது என்று மேலே பார்த்தோம். அதற்குள் வேறு யாரோ எதையோ எழுதியிருந்தால் அதுவும்தான் ஓடும். பழைய வன்தட்டோ, பழைய சிடியோ, மைக்ரோசாஃப்ட் தளமோ தவிர வேறெங்கிருந்தும் எடுக்கக் கூடாது.

பதிவு சரி, எடை வரவில்லை

339 போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், அங்கே மற்ற காணாமல்போனவை காத்திருக்கும்.

புதுக் கணினிகளில் ஒன்பது முள் சீரியல் போர்ட் இல்லை. யுஎஸ்பியில் செருகும் மாற்றுக் கம்பி வாங்க வேண்டும். அதை ஒரு துளையில் செருகினால் காம்3 என்று பெயர் எடுக்கும், அடுத்த துளையில் செருகினால் காம்4, இன்னொரு கம்பி வாங்கினால் காம்5. எம்எஸ்காம் உறுப்புக்கு 16 வரைதான் எண்ணத் தெரியும். கம்பி காம்17 ஆகிவிட்டால் நிரல் அதை ஒப்புக்கொள்ளாது. டிவைஸ் மேனேஜரில் போய் பழைய எண்ணைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பழைய கம்பிகளில் இருக்கும் சில சிப்புகளை விண்டோஸ் 11-க்கான டிரைவர் ஏற்பதே இல்லை. இந்த சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள் என்று டிவைஸ் மேனேஜரிலேயே எழுதிக் காட்டிவிடும்.

தேதி அடுத்தது. புது விண்டோஸை அமெரிக்க அமைப்பில் போட்டுவிட்டால் மாதம் முன்னால், நாள் பின்னால். ஏப்ரல் 3 என்று பதிந்த எடை மார்ச் 4 ஆகி, மாதக் கணக்கில் ஒளிந்துகொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது 339-ஐ விட மோசம்.

தமிழில் சீட்டு அடிக்கும் நிரல்களுக்குத் தனிப் பாடு. விஷுவல் பேசிக் 6-இன் கட்டங்களுக்கு யூனிகோடு எழுத்தைக் காட்டத் தெரியாது, கேள்விக்குறியாகக் காட்டும். அதனால் அன்று பழைய குறியேற்றத்தில் அமைந்த எழுத்துருக்களைப் பயன்படுத்தினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தமிழக அரசே தரப்படுத்தியது. 2010-இல் அரசு யூனிகோடுக்கு மாறிவிட்டது. நிரல் மாறவில்லை. புதுக் கணினியில் அந்தப் பழைய எழுத்துரு இல்லையென்றால் 'மக்காச்சோளம்' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக ஏதோ ஒன்று அச்சாகும். கோப்புகளை நகலெடுப்பவர் எழுத்துரு அடைவையும் சேர்த்து எடுத்தாக வேண்டும்.

ஏன் இன்னும் விடவில்லை?

அலுவலகங்கள் இந்தத் தொல்லையிலிருந்து எப்போதோ தப்பித்துவிட்டன. 2000-இல் தொடங்கிய பதிவுத்துறையின் ஸ்டார் மென்பொருள் 2018-இல் ஸ்டார் 2.0 என்று இணையத்துக்குப் போனது. பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் கிடைக்கின்றன. தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருளில் இணைக்க ஒன்றிய அரசு 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்ட இடங்களில் மேசை மேல் இருப்பது ஒரு உலாவி மட்டும். பதிவு செய்ய உறுப்பு எதுவும் இல்லை.

எடை மேடைக்கு அது சுலபமில்லை. அங்கே கணினி, பக்கத்தில் இருக்கும் ஒரு கருவியோடு கம்பி வழியாகப் பேசியாக வேண்டும். உலாவிக்கு அந்த உரிமையை எளிதில் தரமாட்டார்கள். இணையம் அறுந்தால் லாரி நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேடையின் ஆயுள் வேறு, கணினியின் ஆயுள் வேறு. இரும்புத் தளமும் காங்கிரீட்டும் இருபது, இருபத்தைந்து வருடம் உழைக்கும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வும் எடை சரியாகக் காட்டுகிறதா என்றுதான் பார்க்கும். பின்னால் ஓடும் நிரலின் வயதைக் கேட்காது. மேடை நன்றாக இருக்கும்போது நிரலுக்காக மட்டும் செலவு செய்ய முதலாளிக்கு மனம் வராது. அதில் தப்பும் இல்லை. நிகர எடை என்பது ஒரு கழித்தல் கணக்கு. அந்தக் கணக்கு 2000-லிருந்து மாறவில்லை.

நிரல் நின்றாலும் இண்டிகேட்டரில் எண் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கையால் எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றும். வந்து நிற்கும் லாரி காலையில் காலி வண்டியாக எடை போட்டுவிட்டுப் போனதாக இருந்தால் அந்த முதல் எடை நிரலின் தரவுக் கோப்புக்குள் இருக்கிறது. அது இல்லாமல் கழிக்க முடியாது. சரக்கை இறக்கிவிட்டு வந்து மறுபடி நில் என்று டிரைவரிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

செய்து வைக்க வேண்டியவை

நிரல் ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே செய்துவைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. நிரல் இருக்கும் அடைவு முழுவதையும், தரவுக் கோப்பையும், பழைய கணினியில் பதிவாகியிருக்கும் ஓசிஎக்ஸ் கோப்புகளையும், தமிழ் எழுத்துருக்களையும் ஒரு பென் டிரைவிலும் இன்னொரு கணினியிலும் எடுத்துவைக்க வேண்டும். கூடவே ஒரு தாளில் போர்ட் எண், வேகம், தேதி அமைப்பு மூன்றையும் எழுதி இண்டிகேட்டருக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். கணினி மாறும்போது கோப்பை சிஸ்வாவ்64-இல் வைத்து, நிர்வாகியாகத் திறந்த சாளரத்தில், அதே அடைவில் இருக்கும் ரெக்எஸ்விஆர்32-ஐக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

தெரிந்த நிரலாளர் கிடைத்தால் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. எக்ஸ்பி காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கும் வசதி அது. எந்த உறுப்பு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதி, அதையும் ஓசிஎக்ஸையும் நிரலின் அடைவிலேயே வைத்துவிட்டால் பொதுப் பேரேட்டின் உதவியே தேவையில்லை. அடைவை அப்படியே தூக்கிப் புதுக் கணினியில் வைத்தால் ஓடும். டிஎல்எல் நரகத்துக்குத் தீர்வாகக் கண்டுபிடித்தது, இன்றைய வெறுமைக்கும் பொருந்துகிறது. நிரல்களை எழுதித் தந்தவர்களில் பலரும் இதைச் செய்யாமல் விட்டார்கள். கேட்பவர்கள் இல்லாததும் ஒரு காரணம்.

புது மேடை வைப்பவர்களிடம் இப்போது கிளவுட் மென்பொருள் விற்கிறார்கள். கைப்பேசியிலேயே எடை பார்க்கலாம், கேமரா வண்டி எண்ணைத் தானே படிக்கும், மாதச் சந்தா கட்டினால் போதும் என்கிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் 339-இல் ஒரு நேர்மை இருந்தது: எது காணோம் என்று பெயரைச் சொன்னது, அந்தப் பெயருடைய 100 கிலோபைட் கோப்பு நம் கையில் இருந்தால் நாமே சரிசெய்ய முடிந்தது. கிளவுடில் காணாமல் போவது நிறுவனமே. அப்போது திரையில் வருவது, ஏதோ தவறு நடந்துவிட்டது, சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்ற ஒரு வரி. நகலெடுத்துவைக்க நம் பக்கம் கோப்பு எதுவும் இருக்காது.

ஆகவே சந்தா கட்டும் முன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். இணையம் இல்லாத நேரத்தில் எடை போட்டுச் சீட்டு அடிக்க முடியுமா? நம் எடைப் பதிவுகள் எல்லாவற்றையும் மாதம் ஒருமுறை நாமே சாதாரணக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? நீங்கள் கடையை மூடினால் இந்த மேடை மறுநாள் எதைக் கொண்டு ஓடும்? பதிலை வாய்வார்த்தையாக வாங்கிக்கொள்ளாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒப்பந்தமே இல்லையென்றால், பில்லின் பின்பக்கத்திலாவது.